கருணைக்குப் பின்னால் நிற்பவர்கள்

போன மாசம் ஊருக்கு, அதாவது எங்கள் சேரிக்குப் போயிருந்தேன். ஆயாவின் டிரங்குப் பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்த அக்கா மகள் ஒரு ஃபோட்டோவை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். 'மாமா, இது யாரு?' நான்தான். ஆறு வயசு. எண்ணெய் வழிய வாரிய தலை. எவன் சட்டையோ. நெஞ்சுக்கு நேரே ஒரு சிலேட்டு. சிலேட்டில் என் பெயர் இல்லை, ஒரு நம்பர் இருக்கிறது.

1995இல் எடுத்த படம். இங்கிலாந்தில் ஒரு சின்ன டவுனில் ஒரு சர்ச்சு, அதைச் சுற்றி அறுபது எழுபது குடும்பங்கள், அவர்கள் சேர்ந்து நடத்திய ஒரு சின்ன தர்ம ஸ்தாபனம். நோக்கம்: 'கடல்கடந்த நாடுகளில் சமுதாய வளர்ச்சி'. அந்த வளர்ச்சியில் நானும் ஒரு நம்பர். பத்து வருஷம் நோட்டுப் புஸ்தகம், யூனிஃபாரம், கிறிஸ்துமசுக்கு ஒரு சட்டை, சாயங்கால டியூஷனில் ஒரு கை சுண்டல். அந்த ஸ்தாபனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒரு பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் தப்பித்துக்கொள்ளும்.

'தின்ன சோத்துக்கு விசுவாசம் இல்லையா?' என்று கேட்பார்கள். தெரியும். இந்தக் கேள்வியை எங்கள் பாட்டனிடம் ஆண்டை கேட்டான். கூலிக்கு உழைத்தவனையே சோறு போட்டு வளர்த்ததாகச் சொன்னவன் ஆண்டை. ஆகவே நன்றி என்கிற சொல்லைக் கண்டாலே கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிற பழக்கம் எங்களுக்கு உண்டு. நான் பாங்கில் கிளார்க்கு. வரவு எங்கிருந்து, பற்று யார் பேரில், நடுவில் கையெழுத்து யாருடையது என்று பார்ப்பது என் பிழைப்பு. வாடிக்கையாளர் ரகசியம் காப்பேன் என்று எழுதிக்கொடுத்தவன், அதனால் எந்தக் கணக்கையும் இங்கே திறக்கமாட்டேன். நான் வாழ்ந்ததையும், ஊரறிந்த சட்டத்தையும், சரித்திரத்தையும் மட்டும் வைத்துப் பேசுகிறேன்.

முதலில் அக்கரையில் இருப்பவர்கள். அவர்களைக் கோடீஸ்வரர்கள் என்றும் உளவாளிகள் என்றும் சொல்கிற கும்பலோடு எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்துப் பதிவான அறக்கட்டளைகள் சுமார் 1,70,000. பெரும்பாலும் சின்னவை. சம்பளமில்லாத டிரஸ்டிகள் நாலைந்து பேர், பழைய துணி விற்பனை, கேக் விற்பனை, ஞாயிற்றுக்கிழமை உண்டியல். வரி கட்டுகிறவர் ஒரு பவுண்டு கொடுத்தால் 'கிஃப்ட் எய்ட்' என்ற ஏற்பாட்டில் அரசாங்கம் 25 பென்ஸ் சேர்த்துத் தருகிறது. எனக்குக் காசு அனுப்பியவர் ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறி ரிட்டையரான பொம்பளை. இங்கே சத்துணவு ஆயா என்கிறோமே, கிட்டத்தட்ட அதே வேலை. ஒரு சத்துணவு ஆயா தன் பென்ஷனிலிருந்து எனக்கு நோட்டு வாங்கித் தந்தார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. கோபப்பட்டால் எனக்குச் சோறு செரிக்காது.

ஆனால் தனிமனிதரின் நல்ல மனசு வேறு, அந்த மனசு ஓடிவருகிற வாய்க்கால் வேறு. வாய்க்காலை வெட்டியவன் யார் என்று கேட்டாக வேண்டும். எஸ்.பி.ஜி. என்று எங்கள் பெரியவர்கள் சொல்லும் சுவிசேஷ சங்கம் 1701இல் லண்டனில் ஏற்பட்டது. கடல்கடந்து வேலை செய்யும் கிறிஸ்தவ ஸ்தாபனங்களுக்கெல்லாம் அது ஒரு மூத்த தாய். 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் அந்தச் சங்கத்தின் மிஷனரி. திருநெல்வேலிச் சீமையில் அதன் பள்ளிக்கூடங்களில் படித்து மேலே வந்தவர்கள் ஏராளம். அதே சங்கத்துக்கு 1710இல் கரீபியன் கடலோரத்து பார்படோஸ் தீவில் காட்ரிங்டன் என்பவர் உயில் எழுதிவைத்த கரும்புத் தோட்டங்கள் கிடைத்தன. தோட்டத்தோடு அடிமைகளும் கிடைத்தார்கள். அந்த ஆப்பிரிக்கர்களின் உடம்பில் 'சொசைட்டி' என்கிற ஆங்கிலச் சொல்லைக் காய்ச்சிய இரும்பால் சூடுபோட்டார்கள். சங்கத்தின் சொத்து என்று அடையாளம். அடிமைமுறை ஒழிந்தபோது 411 அடிமைகளுக்காக 8,823 பவுண்டு நஷ்டஈடு வந்தது. யாருக்கு? சூடுபட்டவனுக்கு அல்ல, சூடுபோட்ட சங்கத்துக்கு. 2006இல் இங்கிலாந்து திருச்சபை மன்னிப்புக் கேட்டது. 2023இல் அந்தச் சங்கத்தின் வாரிசு அமைப்பு 70 லட்சம் பவுண்டு பரிகாரத் திட்டம் அறிவித்தது. நூற்று எண்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இதை ஏன் சொல்கிறேன்? கருணைக்குப் பின்னால் நிற்பவர்கள் என்று கேட்டால் டிரஸ்டிகளின் சிரித்த முகங்களைக் காட்டுவார்கள். அவர்களுக்கும் பின்னால், பார்படோஸில் கரும்பு வெட்டியவன் நிற்கிறான். அவன் முகத்துக்கு ஃபோட்டோ இல்லை. அவன் உடம்பில் 'சொசைட்டி'. என் நெஞ்சில் சிலேட்டு. இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. சூட்டுக்கோலும் சாக்பீஸும் ஒன்றாகிவிடாது. ஆனால் ஒரு மனுசன்மேல் கணக்கு எழுதுகிற பழக்கம் எவ்வளவு பழையது என்று பாருங்கள்.

குழந்தையின் படத்தைக் காட்டி மாசாமாசம் பணம் திரட்டும் முறை 1950களில் கொரிய யுத்தத்தின் அநாதைகளை வைத்துப் பெரிதாக வளர்ந்தது. பாப் பியர்ஸ் 1950இல் வேர்ல்டு விஷனைத் தொடங்கினார். எவரெட் ஸ்வான்சன் 1952இல் தொடங்கியது கம்பேஷன் ஆயிற்று. அவை பெரிய கம்பெனிகள். எங்களுடையது அதைப் பார்த்துச் செய்த குடிசைத் தொழில். யுத்தத்தில் தாய்தகப்பன் செத்த பிள்ளைக்குச் செய்த ஏற்பாட்டை, தாயும் தகப்பனும் கல்லுமாதிரி இருக்கிற எங்களுக்கு அப்படியே மாட்டினார்கள். நாங்கள் அநாதைகள் இல்லை, நிலம் பிடுங்கப்பட்டவர்கள். அநாதைக்குச் சோறு தேவை. நிலம் பிடுங்கப்பட்டவனுக்கு நிலம் தேவை. இந்த வித்தியாசம் ஃபோட்டோவில் விழாது.

இனி இக்கரை. அக்கரைக்கும் சேரிக்கும் நடுவில் ஒருத்தர் இருந்தார். செக்ரெட்டரி அய்யா. சாதிக் கிறிஸ்தவர். ஜீப்பு, ஆங்கிலம், வெள்ளைச் சட்டை. இங்கிலீஷில் எங்கள் பசியைப் பேசத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். நான் இன்றைக்கு யோசித்துப் பார்க்கிறேன், அவர் திருடினார் என்று சொல்ல என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. ஒருவேளை ஒரு பைசா திருடாத மனுசராகவே இருக்கலாம். பணத்தைத் திருடினால் ஆடிட்டில் பிடிபடும். அவர் எடுத்துக்கொண்டது எங்கள் வாயை. அதற்கு எந்த நாட்டிலும் ஆடிட் கிடையாது.

1998. ஊர்த்தெருவில் ஒரு சாவு. பறையடிக்கக் கூப்பிட்டார்கள். எங்கள் நைனா போகமுடியாது என்று சொன்னார். முதல் தடவையாக ஒரு ஆள் 'முடியாது' என்றது. ராத்திரி ஏரிக்கரையில் நாலு பேர் சேர்ந்து அடித்தார்கள். ஒரு வாரம் நைனா எழுந்திருக்கவில்லை. போலீசில் எழுதிக்கொடுக்கப் போனால் 'சமாதானமாப் போங்க' என்றார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது, எங்கள் ஸ்டேஷனுக்கு வந்து சேரவில்லை.

அதே வாரம் ஸ்பான்சருக்குக் கடிதம் எழுதும் நாள். டியூஷன் அக்கா எங்கள் தெருப் பெண். பத்தாவது படித்தவள், மாசம் 300 ரூபாய். நான் எழுதினேன்: எங்கள் நைனாவை அடித்துவிட்டார்கள். அக்கா படித்தாள். பேப்பரை நாலாக மடித்து ஜாக்கெட்டில் சொருகிக்கொண்டாள். 'இதெல்லாம் எழுதக்கூடாதுன்னு அய்யா சொல்லியிருக்காருடா. புதுசா எழுது. இல்லாட்டி உனக்கும் போயிடும், எனக்கும் போயிடும்.' அவள் கண்ணில் தண்ணீர். சொல்லச் சொல்ல எழுதினேன். நான் நன்றாகப் படிக்கிறேன். இந்த வாரம் நல்ல மழை பெய்தது. எங்கள் அப்பா உங்களுக்கு வணக்கம் சொன்னார்.

மழை பெய்யவே இல்லை, தோழர்களே. அப்பா வணக்கம் சொல்லும் நிலையிலும் இல்லை. ஒன்பது வயசில் நான் எழுதிய முதல் கற்பனை அது. பிற்பாடு கவிஞன் என்று நாலு பேர் சொல்லும்போதெல்லாம் அந்த மழை எனக்குள் பெய்யும்.

அடுத்த வருஷம் அந்த அம்மா நேரிலேயே வந்தார். தோரணம், பாட்டு, வரிசை. சாப்பாடு செக்ரெட்டரி வீட்டில். அந்த அம்மாவுக்கு என் வீட்டைப் பார்க்க வேண்டுமாம். 'ரோடு சரியில்லை' என்றார் அய்யா. அவர் நடந்தே வந்துவிட்டார். சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டது, கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா சாம்பல் போட்டுத் துலக்கிய சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். மடமடவென்று குடித்தார். அய்யாவிடம் நீட்டினாள். 'இப்பத்தாம்மா காபி குடிச்சேன்.' அவர் எங்கள் தெருவுக்கு எத்தனையோ வருஷமாக வந்துபோகிறவர். எப்போது வந்தாலும் இப்பத்தான் காபி குடித்திருப்பார்.

அந்த அம்மா கேட்டார், அய்யா தமிழில் சொன்னார்: 'உனக்கு என்ன வேணும்னு கேக்குறாங்க.' அம்மா யோசிக்கவே இல்லை. 'எங்க மாமனாருக்குச் சர்க்கார் குடுத்த நெலம் ஏரிக்கு அந்தாண்ட கீது. அவுங்க உழுவுறாங்க. அத்த வாங்கிக்குடுக்கச் சொல்லுங்க.' அய்யா அதை இங்கிலீஷில் சொன்னார். எனக்கு அப்போது இங்கிலீஷ் தெரியாது, ஆனால் 'லேண்டு' என்றால் நிலம் என்று பாடத்தில் படித்திருந்தேன். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அந்தச் சொல் வரவில்லை. 'டெய்லரிங்' என்ற சொல் வந்தது. வெள்ளைக்கார அம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். இரண்டு மாசத்தில் தையல் மிஷின் வந்தது. எங்கம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்கவும் தெரியாது. அந்த டிரங்குப் பெட்டி இருக்கிறதே, அது இன்றைக்கும் அந்த மிஷின்மேல்தான் இருக்கிறது.

அம்மா கேட்டது என்ன நிலம்? பஞ்சமி நிலம். அதற்கு ஒரு கதை இருக்கிறது, அதிலும் பாதிரிமார்கள் இருக்கிறார்கள். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலைபற்றி அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார். 1892இல் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. வேறு சாதியாருக்கு விற்கக்கூடாது என்று நிபந்தனை. அதற்கு நெருக்குதல் கொடுத்தவர்களில் ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ரூவும், திருவள்ளூர் பக்கம் இருந்த வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கவுடியும் உண்டு. அவர்களும் வெள்ளைக்காரர்கள்தான், அவர்களுக்குப் பின்னாலும் எங்கேயோ ஒரு சர்ச்சு உண்டியல் குலுக்கிற்று. அவர்கள் மதம் மாற்ற வந்தவர்கள், சந்தேகமில்லை. ஆனாலும் சேரியில் நின்று பார்த்தபோது அவர்களுக்கு நிலம் கண்ணில் பட்டது. மிராசுதாரர்களைப் பகைத்துக்கொள்ள வேண்டிவந்தது, பகைத்துக்கொண்டார்கள். நூறு வருஷம் கழித்து வந்தவர்களுக்கு நிலம் கண்ணில் படவில்லை. தையல் மிஷின், ஆட்டுக்குட்டி, போர்வெல், கோழிக்குஞ்சு என்று நிலத்தைத் தவிர எல்லாம் கண்ணில் பட்டது.

நிலத்தைக் கேட்டால் என்ன ஆகும் என்று 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் பார்த்தோம். காரணை பஞ்சமி நிலத்துக்காகத் திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள். ஒருத்தர் பெயரில் பைபிள், ஒருத்தர் பெயரில் திருப்பதி. குண்டு மதம் பார்க்கவில்லை, சேரியைப் பார்த்தது. அதற்கு மறுவருஷம்தான் என் நெஞ்சில் சிலேட்டு வைத்துப் படம் எடுத்தார்கள்.

'சமுதாய வளர்ச்சி' என்கிற சொல்லையே நான் கேள்விக்கு உட்படுத்துகிறேன். 1952 அக்டோபர் 2இல் நேரு சர்க்கார் இதே பெயரில் திட்டம் தொடங்கியது, அமெரிக்க ஃபோர்டு ஃபவுண்டேஷன் துணைக்கு நின்றது. பிறகு அரசாங்கம், சர்ச்சு, தொண்டு நிறுவனம் எல்லார் வாயிலும் அந்தச் சொல். எங்கே ஐயா இருக்கிறது அந்தச் சமுதாயம்? ஊர் இருக்கிறது. சேரி இருக்கிறது. நடுவில் ஏரி இருக்கிறது, சுடுகாடுகூட இரண்டாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்து 'சமுதாயம்' என்று ஒரு பெயர் வைத்து, அதை 'வளர்க்கிறேன்' என்றால் எது வளரும்? போர்வெல் ஊர்முனையில் போட்டால் எங்களுக்குத் தண்ணீர் இல்லை. சேரியில் போட்டால் அவர்கள் குடிக்கமாட்டார்கள். அறிக்கையில் மட்டும் 'கிராம சமுதாயம் பயனடைந்தது'.

சர்ச்சுக்குள்ளேயே இல்லாத சமுதாயத்தை வெளியே எங்கே வளர்ப்பார்கள்? 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரில் சாதிக் கிறிஸ்தவர்கள் திரண்டு சபையைவிட்டு வெளியே போனார்கள்.  2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதற்கு அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. நூற்று எழுபத்தைந்து வருஷம் இடைவெளி, வியாதி அதேதான். சர்க்காரும் சளைத்ததில்லை. 1950 குடியரசுத் தலைவர் ஆணை இந்துவுக்கு மட்டும் என்றது, 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தது, தலித் கிறிஸ்தவனை இன்னமும் வெளியே நிறுத்தியிருக்கிறது. எங்கள் வீட்டில் ஞானஸ்நானம் வாங்கவில்லை. வாங்கிய சித்தப்பா மகன் பி.சி. பட்டியலில் நிற்கிறான். ஏரிக்கரையில் அடித்தவனுக்கு மட்டும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே சாதி.

இதைப் படித்துவிட்டு 'பார்த்தீர்களா, அந்நியப் பணம், மதமாற்றம்' என்று காவிக்கொடி தூக்கி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் சண்டைக்குள் நீங்கள் நுழையாதீர்கள். நைனாவை அடித்த நாலு பேரும் உங்கள் கணக்குப்படி இந்துக்கள். அந்தச் செக்ரெட்டரி எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்காமல் போனது பைபிளைப் படித்து அல்ல, உங்களிடம் கற்றதை விடமுடியாமல்.

அந்நிய நன்கொடைச் சட்டம் 1976இல், எமர்ஜென்சியில் பிறந்த பிள்ளை. 2012இல் கூடங்குளம் போராட்டத்தின்போது தூத்துக்குடி பக்கத்துத் தொண்டு அமைப்புகள்மேல் அதைப் பாய்ச்சியது காங்கிரஸ் சர்க்கார். 2020 திருத்தம் கழுத்தை இறுக்கியது. வெளிநாட்டுப் பணம் எந்த மூலைக்கு வந்தாலும் டெல்லி நாடாளுமன்ற வீதி ஸ்டேட் பாங்க் கிளையில்தான் இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதம். ஒரு அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கக்கூடாது. கவுண்டரில் உட்கார்ந்தவனாகச் சொல்கிறேன், இதில் பெரிய மீன் தப்பிக்கும். ஆங்கிலமும் ஆடிட்டரும் உள்ளவன் டெல்லியில் கணக்கு திறப்பான். பெரிய அமைப்பிடம் கொஞ்சம் வாங்கி வழக்கு நடத்திய, சேரிப் பெண்கள் சேர்ந்து நடத்திய சின்னச் சங்கம் செத்தது. 2017இல் கம்பேஷன் வெளியேற்றப்பட்டபோது சுமார் 1,45,000 பிள்ளைகளின் உதவி நின்றது. அந்தப் பிள்ளைகளுக்குச் சர்க்கார் என்ன வைத்திருந்தது? 2024இல் வேர்ல்டு விஷன், காசா என்று வரிசையாக உரிமம் ரத்து. சுண்டலைத் தட்டிவிட்டவன் சோறு போடவில்லை. நான் சுண்டலை விமர்சிப்பேன், அதைத் தின்றவன் என்கிற உரிமையில். தட்டிவிடுகிறவனுக்கு அந்த உரிமை கிடையாது.

அப்படியானால் என்னதான் வேண்டும் என்கிறீர்களா? அக்கரை நண்பர்களுக்கு நேராகவே சொல்கிறேன். எங்கள் பிள்ளைகளின் படத்தைக் கீழே இறக்குங்கள். எங்கள் கடிதத்தை நாங்களே எழுதுவோம், நாங்களே மொழிபெயர்ப்போம். இப்போது எங்களுக்கும் இங்கிலீஷ் தெரியும். உங்கள் வருஷக் கணக்கைத் தமிழில் அச்சடித்துச் சேரியில் நடுத்தெருவில் வாசியுங்கள், கேள்வி கேட்க டியூஷன் அக்காவுக்கும் இடம் கொடுங்கள். கமிட்டியில் பாதிப் பேர் சேரிப் பெண்கள் என்று எழுதுங்கள். இங்கே உங்களுக்காகக் கையெழுத்துப் போடுகிறவர் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கிறாரா என்று ஒரு தடவை பாருங்கள். ஆயிரம் பக்க ரிப்போர்ட்டைவிட அந்த ஒரு சொம்பு அதிகம் சொல்லும். தையல் மிஷினுக்குக் கொடுக்கிற காசை, தாலுகா ஆபீசில் பழைய 'அ' பதிவேட்டை நகலெடுக்கவும் வக்கீல் ஃபீசுக்கும் கொடுக்க முடியுமா என்று யோசியுங்கள்.

நம் ஆட்களுக்கும் ஒன்று. சிறப்புக்கூறுத் திட்டம் 1979-80இலிருந்து இருக்கிறது. நம் எண்ணிக்கைக்கு ஏற்ற பங்கை ஒதுக்கச் சொன்னது. 2024இல் தமிழ்நாட்டில் அதற்குச் சட்டமே வந்திருக்கிறது. அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்க ஜீப்பு வரவேண்டியதில்லை. அது கருணை இல்லை, பாகம். பாகத்துக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டியதில்லை.

அந்த அம்மா இப்போது இருக்கிறாரோ இல்லையோ. இருந்தால் தொண்ணூறுக்கு மேல். யாராவது அவருக்கு இதைப் படித்துக் காட்டுவார்கள் என்று நம்பி, இருபத்தேழு வருஷம் தள்ளிப்போன கடிதத்தை இங்கே எழுதுகிறேன்.

அன்புள்ள அம்மா, நான் நன்றாகப் படித்தேன். நோட்டுக்கு நன்றி. அந்த வாரம் மழை பெய்யவில்லை. எங்கள் நைனாவை அடித்திருந்தார்கள். எங்கம்மா உங்களிடம் கேட்டது தையல் மிஷின் இல்லை, நிலம். அதை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.